ஜெயிக்கச் சொன்ன ஆட்டம்

மார்க்கர் வேலை என்றால் என்ன என்று பாறசாலைப் பக்கத்து ஆட்களுக்கு விளங்கவைப்பதற்குள் பொன்னுதாசுக்குப் போதும் போதுமென்றாகிவிடும். சுண்ணாம்புக் கோடு போடுவது, வலையை இழுத்துக் கட்டுவது, மட்டைக்கு நரம்பு பின்னுவது என்று சொல்லும்வரை தலையாட்டிக் கேட்பார்கள். மிச்சத்தைச் சொன்னதும் சிரித்துவிடுவார்கள். ஆட ஆள் கிடைக்காத துரைமாரோடு மார்க்கர் எதிரே நின்று டென்னிஸ் ஆட வேண்டும். ஆடித் தோற்க வேண்டும். அதுதான் சம்பளத்துக்குரிய வேலை.

சும்மா தோற்றுவிட்டால் ஆயிற்றா? அதற்கு ஒரு ஆள் எதற்கு? துரைக்கு நன்றாக வியர்க்க வேண்டும், ஆனால் மூச்சு முட்டக் கூடாது. நாலைந்து பந்தைக் கோட்டைவிட்டவர் அடுத்த பந்தை ஓங்கி அடித்து, பார்த்தாயா என்று புருவத்தைத் தூக்க வேண்டும். ஒரு கட்டத்தில் தோற்றுவிடுவோமோ என்று பயந்து, பிறகு தன் கெட்டிக்காரத்தனத்தால் தப்பித்ததாக நம்பி, வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். இத்தனையையும் துரைக்குத் தெரியாமல் செய்து முடித்து, பந்தைப் பொறுக்கிக் கூடையில் போட்டு, இன்று துரை ரொம்ப நன்றாக ஆடினீர்கள் என்று சொல்லவும் வேண்டும். திருவனந்தபுரத்துக் கிளப் ஒன்றில் பொன்னுதாஸ் இதை ஏறக்குறைய முப்பது வருஷம் செய்தார். தோட்டத்துரைகள், எஞ்சினீயர்கள், பட்டாளத்து ஆபீசர்கள் என்று எத்தனையோ பேர் அவரை ஜெயித்துவிட்டுக் கப்பலேறினார்கள். ஒருவர்கூடச் சந்தேகப்பட்டதில்லை. சந்தேகம் வந்திருந்தால் அவர் மோசமான மார்க்கர் என்று அர்த்தம்.

காசு வாங்கி ஆடுகிறவன் போட்டியில் சேரக் கூடாது என்பது வெள்ளைக்காரன் போட்டுவைத்த சட்டம். அதனால் வருஷா வருஷம் நடக்கும் கோப்பை ஆட்டங்களில் பொன்னுதாஸ் கோட்டுக்கு வெளியே நின்று எண்ணிக்கை சொன்னதோடு சரி. கோப்பை வாங்கியவர் மறுநாள் பயிற்சிக்கு வருவார். அவருக்கும் அளவாகப் பரிமாறி, அளவாகத் தோற்று அனுப்புவார். அப்போதெல்லாம் அவர் மனதுக்குள் ஒரு எண்ணம் ஓடும். நான் மனசு வைத்தால் இந்த ஆளை ஒரு கேம்கூட எடுக்க விடமாட்டேன்.

இந்த எண்ணம்தான் அவருடைய சொத்து. வேறு சொத்து என்று சொல்லிக்கொள்ள அவரிடம் ஒன்றும் இல்லை. மனசு வைத்தால் ஜெயிப்பேன், வைக்கவில்லை, அவ்வளவுதான். இதைக் கழுத்தில் கிடக்கும் தாயத்து மாதிரி அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்வார். வேலையிலிருந்து நின்று, மனைவி செல்லபாயின் ஊரான தனுவச்சபுரத்துக்கே குடிவந்த பிறகும் அப்படித்தான். முட்டி இரண்டும் மழைக்காலத்தில் வீங்கும். வலது தோளைத் தூக்கினால் உள்ளே ஏதோ உரசும். காலையில் எழுந்து முற்றத்தில் நிற்கும்போது, இன்னும் ஒரு நாளா என்று இருக்கும். ஆனாலும் அந்த எண்ணத்தைத் தொட்டுக்கொண்டால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

அந்த எண்ணத்தைக் கிண்டுவதற்கென்றே செல்லபாயின் அண்ணன் ராபின்சன் இருந்தார். கருப்பட்டி மொத்த வியாபாரி, மிஷன் சபையில் கமிட்டிக்காரர், நாலு பேர் கூடிய இடத்தில் நாக்கு ஊறும் மனிதர்.

"மாப்ள, இம்புட்டு வருஷத்துல ஒருத்தனாவது ஒம்மகிட்ட தோத்ததுண்டா?"

"இல்லை மச்சான்."

"பின்ன என்ன பந்துகளி களிச்சீரு?"

"அதாக்கும் வேலை. நான் நெனச்சா ஜெயிச்சிருப்பேன்."

"நெனைக்கல்ல, இல்லியா? நானும் நெனச்சா திவானா ஆயிருப்பேன். கருப்பட்டி வியாவாரம் இருந்ததுனால நெனைக்கப் பொழுது கிட்டல்ல."

கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். பொன்னுதாசும் சேர்ந்து சிரித்துவிடுவார். தோற்றுப் பழகியவர் அல்லவா, அங்கேயும் அளவாகத் தோற்பார். வீட்டுக்கு வந்தால்தான் நெஞ்சுக்குள் எரியும்.

இப்படி இருக்கும்போதுதான் நெய்யாற்றின்கரை முன்சீப் குற்றாலிங்கம் பிள்ளை அவருக்கு ஆளனுப்பினார். கோர்ட்டுக் கச்சேரிக்குப் பின்பக்கம் உத்தியோகஸ்தர்கள் சேர்ந்து ஒரு டென்னிஸ் கோட்டு போட்டிருந்தார்கள். செம்மண்ணை இடித்து, சாணி மெழுகி, சுண்ணாம்புக் கோடு இழுத்த கோட்டு. முன்சீப் சட்டம் படித்த காலத்தில் ஆட்டம் கற்றவர். நாற்பதைத் தாண்டியவர், கொஞ்சம் தொந்தி, ஆனால் ஆசை கொள்ளை. அவருடன் ஆடத் தாசில்தாருக்கு நேரமில்லை, வக்கீல்களுக்குத் தைரியமில்லை. பெரிய கிளப்பில் இருந்த மார்க்கர் ஒருவர் பக்கத்திலேயே குடியிருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் பிடித்துக்கொண்டார்.

வாரத்தில் மூன்று நாள் பொன்னுதாஸ் தனுவச்சபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரைக்கு நடந்து போனார். முன்சீப் நெற்றி நிறைய விபூதியோடுதான் ஆட வருவார். நல்ல சைவக் குடும்பம், காரோடு கிராமம் வரைக்கும் நிலம் உள்ளவர்கள். பொன்னுதாஸ் தொட்ட பந்தை அவர் தொடுவதில் தடையில்லை, ஏனென்றால் பந்து சீமையிலிருந்து வந்தது. ஆனால் பக்கம் மாறும்போது முன்சீப் வலையின் இந்தக் கம்பத்தைச் சுற்றிப் போவார், பொன்னுதாஸ் அந்தக் கம்பத்தைச் சுற்றிப் போக வேண்டும். இரண்டு பேரும் ஒரே கம்பத்தருகே உரசிக்கொண்டு போவது கூடாது. ஆட்டம் முடிந்ததும் முன்சீப் நேரே குளத்துக்குப் போய் முங்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். பந்துக்கு இல்லாத தீட்டு ஆளுக்கு உண்டு. இதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாளே இருவருக்கும் தெரிந்திருந்தது.

முன்சீபின் இடதுகைப் பக்கம் ஓட்டை. அந்தப் பக்கம் கொஞ்சம் வேகமாகப் பந்து வந்தால் அவர் மட்டை பிடிக்கும் விதமே குழம்பிவிடும். பொன்னுதாஸ் முதல் வாரமே இதைப் பார்த்துவிட்டார். பார்த்தபின் அந்தப் பக்கத்தைக் கைக்குழந்தை மாதிரி பாதுகாத்தார். அங்கே போகும் பந்தெல்லாம் தளர்ந்து, பணிந்து, நன்றாகத் துள்ளி வந்து, அடியுங்கள் ஏமானே என்று நிற்கும். முன்சீப் அடிப்பார். ஆறு மாதத்தில் அவருக்குத் தன் இடதுகைப் பக்கத்தின் மேல்தான் பெருமை அதிகம். துரைமாரெல்லாம் ஆடிப் பழகிய மார்க்கரையே நாள் தவறாமல் ஜெயிக்கிறோம் என்றால் நாம் யார் என்று அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். கேட்டதோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. மாசிமாதம் திருவனந்தபுரத்தில் நடந்த உத்தியோகஸ்தர் பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டார்.

அங்கே அவருக்கு எதிரே வந்தவன் ஏதோ ஒரு ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த கிளார்க்குப் பையன். முதல் பந்திலேயே அவன் இடதுகைப் பக்கத்தைக் கண்டுகொண்டான். பிறகு வேறெங்கும் அடிக்கவில்லை. இரண்டு செட்டிலும் முன்சீபுக்கு ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் முதலில் கைதட்டினார்கள், பிறகு சிரித்தார்கள், கடைசியில் பாவம் என்று வேறு பக்கம் பார்த்தார்கள். அந்தக் கடைசியைத்தான் முன்சீபால் தாங்க முடியவில்லை.

ஊர் திரும்பி ஒரு வாரம் கோட்டுப் பக்கமே வரவில்லை. பிறகு பொன்னுதாசைக் கூப்பிட்டனுப்பினார். கச்சேரி முடிந்த நேரம். முன்சீப் கோட்டின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், மட்டை கையில் இல்லை. பொன்னுதாஸ் வழக்கமான தூரத்தில் நின்றார்.

"நீ எங்கிட்ட தோத்ததெல்லாம் வேணும்னே தோத்ததாக்கும், இல்லியா?"

பொன்னுதாஸ் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லு. வாயத் தொறக்காத சாட்சியை நான் தெனமும் பாக்குதவன்."

"ஏமானே, மார்க்கர்னா அப்பிடித்தான். ஏமானுக்கு உற்சாகம் வரணும்னு..."

"நல்லா வந்துது உற்சாகம். மீசை மொளைக்காத பய ஒருத்தன் என்னைக் கோட்டுல நிறுத்தி உரிச்சான். ஆறு மாசம் எனக்க முகத்துக்கு நேரே பொய் களிச்சிருக்க நீ."

"தப்புதான் ஏமானே."

முன்சீப் எழுந்து நின்றார். கோபத்தில் இருந்தாலும் குரலை உயர்த்தவில்லை.

"சனியாழ்ச்ச வா. வக்கீல்மாரையும் வரச்சொல்லுதேன். அவங்களுக்க முன்னால நெசக்களி களிக்கணும். நீ ஜெயிக்கணும். எனக்க தராதரம் என்னன்னு எனக்குத் தெரியணும், அவங்களுக்கும் தெரியட்டும். அதுக்கப்புறம் மொதல்லேருந்து படிச்சுக்கிடுதேன். மனசிலாச்சா?"

"எனக்கு வயசாச்சு ஏமானே. முட்டு ரெண்டும்..."

"இந்த முட்ட வச்சுத்தானே ஆறு மாசம் எனக்கு வெளையாட்டுக் காட்டின? அண்ணைக்கும் நீ விட்டுக்குடுத்தா அது நாலு பேருக்க முன்னால என்னை அவமானப்படுத்துததாக்கும். பின்ன இந்தப் பக்கம் வராண்டாம்."

திரும்பி நடக்கும்போது பொன்னுதாசுக்கு முதலில் அலுப்புதான் வந்தது. இன்னும் ஒரு ஆட்டமா, இன்னும் ஒரு துரையா என்று இருந்தது. அமரவிளைப் பாலம் வரைக்கும் அந்த அலுப்போடுதான் வந்தார். பாலத்தில் நின்று கீழே ஆற்றைப் பார்த்தபோது சட்டென்று உறைத்தது. பிறந்ததிலிருந்து இன்றுவரை யாரும் அவரை ஜெயிக்கச் சொன்னதில்லை. இப்போது ஒரு முன்சீப் உத்தரவே போட்டிருக்கிறார். ஜெயிக்காவிட்டால் குற்றம். அந்த இடத்தில் அவருக்கு வந்த சந்தோஷம் அவருடைய வயதுக்குக் கொஞ்சம்கூடப் பொருந்தாத சந்தோஷம். பாலத்தில் போன வண்டிக்காரன் இவர் தனியே சிரிப்பதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

செல்லபாய் மரச்சீனிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அகப்பையை வைத்தாள்.

"போவாண்டாம்னு சொன்னா கேக்கவா போறிய?"

"ஒருக்கா, செல்லா. ஒரே ஒருக்கா."

"ஜெயிச்சா அந்த ஆளுக்குக் கோவம் வராதா?"

"தோத்தாத்தான் கோவம் வருமாம்."

"நல்ல கூத்துதான்" என்றாள் செல்லபாய். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் கல்யாணமான புதிதில்கூடப் பார்த்ததில்லை. அதனாலேயே அவளுக்கு உள்ளே ஒரு பயமும் தட்டியது.

விஷயம் ராபின்சன் காதுக்குப் போனது. போகாமல் இருக்குமா? அவர் கருப்பட்டிக் கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றார். "பாக்க நானும் வாறேன், மாப்ள. முன்சீபு கோட்டுக்குள்ள விடமாட்டான், மதிலுக்கு வெளியே நின்னு பாத்துக்கிடுதேன். இம்புட்டு வருஷமா சொல்லுதீரே நெனச்சா ஜெயிப்பேன்னு. நெனச்சுக் காட்டும்."

"நெனச்சுக் காட்டுதேன் மச்சான்" என்றார் பொன்னுதாஸ். இந்த ஒரு தடவை அவர் சேர்ந்து சிரிக்கவில்லை.

சனிக்கிழமை வெயில் தாழ்ந்தது. கோட்டைச் சுற்றி வக்கீல்கள், குமாஸ்தாக்கள், தாசில்தார்கூட வந்திருந்தார். மதிலுக்கு வெளியே தலைகள், அவற்றில் ராபின்சனின் தலைப்பாக்கட்டும் தெரிந்தது. பூதலிங்கம் பிள்ளை என்ற வக்கீல் எண்ணிக்கை சொல்ல உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார். ஒரு செட் என்று பேச்சு. முன்சீப் புதிதாக விபூதி இட்டு வந்திருந்தார். கசாப்புக்குப் போகும் ஆள் மாதிரிதான் அவர் முகம் இருந்தது, ஆனாலும் வந்து நின்றார். அதற்கு ஒரு துணிச்சல் வேண்டும் என்று பொன்னுதாஸ் நினைத்தார். முதல் தடவையாக அந்த மனிதர் மேல் அவருக்கு மரியாதை வந்தது.

முதல் பந்தைப் பொன்னுதாஸ் அடித்தார். ஆறு மாதம் பொத்திப் பொத்தி வைத்திருந்த அந்த இடதுகைப் பக்கத்துக்கு நேராக, வேகமாக. முன்சீபின் மட்டை திணறியது, பந்து வலையில் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. நாலு பந்தில் முதல் கேம் முடிந்தது. பூதலிங்கம் பிள்ளை முன்சீபின் முகத்தைப் பார்க்காமல் எண்ணிக்கை சொன்னார். மதிலுக்கு வெளியே யாரோ ஒருவர் இருமினார். பொன்னுதாசுக்கு அது ராபின்சன்தான் என்று தெரியும். ஆயுளில் அவர் வேண்டுமென்றே எடுத்த முதல் கேம். கம்பத்தைச் சுற்றிப் பக்கம் மாறும்போது அவர் கால்கள் தரையில் பாவவில்லை.

அடுத்த கேமில் முன்சீப் சர்வீஸ் செய்தார். பொன்னுதாஸ் திருப்பி அடித்தார், முன்சீப் ஓடி எடுத்தார், பந்து மறுபடி வந்தது. வலது மூலை முழுக்கக் காலியாகக் கிடந்தது. ஒரு மாடு படுத்துக்கொள்ளலாம், அத்தனை இடம். அங்கே அடித்தால் முடிந்தது. பொன்னுதாஸ் மட்டையை வீசினார். பந்து அழகாக எழும்பி, தளர்ந்து, நன்றாகத் துள்ளி, முன்சீபின் மட்டைக்கு ஒரு கை தூரத்தில் போய் நின்றது. முன்சீப் அடித்தார். பாயிண்ட் அவருக்கு.

ஏதோ கை தவறிவிட்டது என்று நினைத்தார் பொன்னுதாஸ். மறுபடியும் அப்படியே நடந்தது. அதற்கு அடுத்ததும். ஓங்கி ஒரே அடியில் முடிகிற பந்தென்றால் முடிந்தது. பந்து இரண்டு மூன்று தடவை போய்வந்துவிட்டால் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. காலியான மூலை கண்ணுக்குத் தெரியும், பந்து ஆளிடம் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு மூலைக்கு அடித்தால் பந்து கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி விழும். இல்லாவிட்டால் வலையில் விழும்.

நாலாவது கேமில்தான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. அவர் ஒருநாளும் இடத்தைப் பார்த்து அடித்ததில்லை. எதிரே நிற்பவரின் மட்டையைப் பார்த்து அடித்தார், அதன் மேல் கொண்டுபோய் வைப்பதுதான் வேலை. கண் அங்கேதான் போகும், கண் போன இடத்துக்குக் கை போகும். சரி, ஆளைப் பார்க்காமல் அடிப்போம் என்று பார்வையைத் தரையில் போட்டார். அப்போது பந்தே கண்ணுக்குப் பிடிபடவில்லை, மட்டை காற்றைத்தான் அடித்தது. குமாஸ்தாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நெசமா களி" என்றார் முன்சீப், வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"நெசந்தான் ஏமானே."

முன்சீப் அடுத்த கேமையும் எடுத்தார். எடுக்க எடுக்க அவர் முகம் இருண்டது. ஜெயிக்கிற ஆள் இப்படிக் கோபப்பட்டு அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. "எலே, நாலு பேருக்க முன்னாலயா எங்கிட்ட வெளையாடுத?" என்றார், ஆறு மாதத்தில் அவரை எலே என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. பொன்னுதாசுக்கு முட்டி வீங்கத் தொடங்கிவிட்டது. தோளுக்குள் உரசல் எரிச்சலாக மாறியது. ஆனால் அவரை வாட்டியது அதுவல்ல. ஓடிக்கொண்டே இருக்கும்போது ஒரு கேள்வி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. கை இன்றைக்குத்தான் இப்படி ஆயிற்றா, அல்லது இருபத்தைந்து வயதிலேயே இப்படித்தான் இருந்ததா? அப்போது மனசு வைத்திருந்தால் ஜெயித்திருப்பேனா? வைத்துப் பார்க்கவே இல்லையே. அதை இனி எந்தக் கோர்ட்டில் போய்க் கேட்பது?

கடைசிப் பந்துக்கு அவர் விழுந்து புரண்டு ஓடினார். மட்டையில் பட்டது. பட்ட பந்து, அந்த அவசரத்திலும், முன்சீபுக்கு வசதியான உயரத்தில், வசதியான இடத்தில் போய் எழும்பியது. முன்சீப் அதை மெதுவாகத் தட்டினார். ஆறுக்கு இரண்டு என்று பூதலிங்கம் பிள்ளை யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார். எவரும் கைதட்டவில்லை.

முன்சீப் மட்டையைத் தரையில் எறிந்தார். பிறகு வழக்கத்தை மறந்து வலையருகே நேராக வந்து நின்றார். இரண்டு பேருக்கும் நடுவே வலை மட்டுமே இருந்தது.

"நான் ஒனக்கு என்ன கெடுதி செய்தேன்?"

"ஏமானே, நான் நெசமாத்தான் களிச்சேன். ஜெயிக்கணும்னுதான் பாத்தேன். கை வரல்ல. ஏமான் ஜெயிச்சாச்சு."

"இந்த வார்த்தையத்தான் ஆறு மாசமா கேக்குதேன்."

"இது சத்தியம். வேதத்து மேல கை வச்சுச் சொல்லட்டா?"

"வைக்காண்டாம். பொய்ச்சத்தியம் பண்ணினா நானே ஒம்மேல கேஸ் எடுக்கணும்." முன்சீப் வலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "மொத கேமை நாலு பந்துல எடுத்தவன் பின்ன எப்பிடி தோப்பான்? எனக்குக் கண்ணில்லியா? போ. இனி இங்கே வராத."

சொல்லிவிட்டு அவர் குளத்துப் பக்கம் நடந்தார். பொன்னுதாசுக்கு அவரைக் கூப்பிட்டு நிறுத்தி, உங்கள் ஆயுளில் நீங்கள் நேர்மையாக ஜெயித்த ஆட்டம் இது ஒன்றுதான், வேண்டாம் என்று போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னால் யார் நம்புவார்கள்? பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டு வெளியே வந்தார். மதிலோரம் நின்ற ராபின்சன் சேர்ந்துகொண்டார். வழி நெடுகக் கூடவே வந்தார், பேசாமலே வந்தார். கேலிக்கு வார்த்தை தேடுகிறார் என்று பொன்னுதாஸ் நினைத்துக்கொண்டார். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து சபையார் மிஷன் கோயில் முற்றத்தில் கூடி நின்றபோது ராபின்சன் பொன்னுதாசின் கையைப் பிடித்து நடுவே இழுத்தார். பொன்னுதாஸ் கேட்கப்போகும் கேலிக்குத் தலையைக் குனிந்துகொண்டார்.

"எல்லாரும் கேளுங்க. ஜெயிக்கணும்னு முன்சீபு உத்தரவு போட்டாரு. நம்ம மாப்ள மொத கேமை நாலு பந்துல எடுத்து, எனக்குக் களிக்கத் தெரியும்னு காட்டினாரு. நான் கண்ணால கண்டேன். அதுக்குப் பொறவு, நீ சொல்லி நான் ஜெயிக்க மாட்டேன்னு நின்னாரு பாருங்க, பந்து பந்தாட்டு தூக்கிக் குடுத்தாரு. அந்த முன்சீபுப் பிள்ளை கெடந்து துள்ளுதான், இவரு அசையல்ல. நம்ம ஆளுவ முதுகு வளைச்சதுதான் இம்புட்டு நாளு கண்டிருக்கோம். நேத்து ஒருத்தன் வளையல்ல."

உபதேசியார் வந்து கையைக் குலுக்கினார். பின்னால் நின்ற கிழவர்கள் முன்னால் வந்தார்கள். நெய்யாற்றின்கரைக் கச்சேரியில் நிலத் தகராறுக்காக வருஷக்கணக்கில் வெயிலில் நின்றவர்கள் அவர்கள். ஒருவர் பொன்னுதாசின் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

"மச்சான், நான் அப்பிடி ஒண்ணும்..." என்று தொடங்கினார் பொன்னுதாஸ்.

"ஒண்ணும் சொல்லாண்டாம் மாப்ள. இம்புட்டு வருஷம் கேலி பண்ணினதுக்கு எனக்கு வெக்கமாட்டு இருக்கு." ராபின்சனின் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்ததும் பொன்னுதாஸ் தலையை மட்டும் ஆட்டினார்.

செல்லபாயும் அவரும் வீட்டுக்கு நடந்தார்கள். ஆட்கள் எல்லாம் பிரிந்துபோய், மரச்சீனி விளைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை வந்ததும் பொன்னுதாஸ் நின்றார்.

"செல்லா, உங்கண்ணன் சொன்னது பூராவும் தப்பு. நான் ஜெயிக்கத்தான் பாத்தேன். முடியல்ல."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"விட்டுக்குடுத்துட்டு வாற நாளெல்லாம் நீங்க பசியாட்டு வருவிய. கை கழுவும்பமே சோத்தைக் கேப்பிய. நேத்து சட்டியில வச்சது அப்பிடியே கெடந்துது."

அவருக்கு அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. நடுப்பாதையில் நின்று, வயதான மனிதர் அழுவதுபோல இல்லாமல், சத்தமாகவே அழுதார். இத்தனை வருஷம் தாயத்து மாதிரி தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. செல்லபாய் பாதையின் இரண்டு பக்கமும் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். யாரும் இல்லை என்றதும் அழட்டும் என்று விட்டுவிட்டாள்.

கொஞ்சம் ஓய்ந்தபின் அவர் கேட்டார். "அண்ணங்கிட்ட உள்ளதைச் சொல்லிரட்டா?"

"எதுக்கு?"

"அது பொய்யில்லியா? எனக்கு அந்த மரியாதை வேண்டாம்."

"மரியாதை ஒங்களுக்குன்னா நெனைக்கிய? அவன் கருப்பட்டி வித்து, கண்ட ஏமானுக்கும் கும்பிடு போட்டு, இண்ணைக்காக்கும் தலைய நிமிர்த்திருக்கான். அந்தக் கெழவங்களும் அப்பிடித்தான். இம்புட்டு நாளு ஊரு பேரு தெரியாத தொரைமாருக்கெல்லாம் ஜெயிக்கக் குடுத்தியளே, நம்ம ஆளுவளுக்கு ஒருக்காக் குடுங்க."

பொன்னுதாஸ் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முட்டி வலித்தது. செல்லபாய் முன்னால் நடக்க, அவர் அவள் பின்னாலேயே மெதுவாக நடந்தார்.